காரிடாரில் தூங்குகிறவர்

2024 ஜனவரி 9, செவ்வாய்

தில்லிப் பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. அஷ்வத் ஸ்கூட்டரை எடுக்காமல் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தே போனான். லோதி ரோட்டிலிருந்து முனிர்கா ஸ்டூடியோ போய்ச் சேர எனக்கு ஆட்டோவில் ஒரு யுகம் ஆனது. பேசாமல் போகாமலே இருந்திருக்கலாம்.

இன்று முழுப் படத்தின் முதல் வடிவத்தை சுஷ்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். வெறும் கோட்டுப் படங்களை வரிசையாக ஒட்டி, தற்காலிகமாகச் சத்தம் சேர்த்து வைத்திருந்தோம். இதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை என்றால் பிறகு எவ்வளவு வண்ணம் அடித்தாலும் வராது. சுஷ்மா பன்னிரண்டு நிமிஷம் சிரித்தாள். அப்புறம் போனை எடுத்தாள். கடைசியில் "க்யூட்டா இருக்கு" என்றாள். தயாரிப்பாளர் க்யூட் என்று சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம், இது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"ஃபைல் சோர்", நம் பாஷையில் ஃபைல் திருடன், எங்கள் தலைமுறைக்கு உயிர். எண்பதுகளில் டிவியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழும்போதெல்லாம் அதைப் போட்டு நிரப்புவார்கள். ஏழே நிமிஷக் கார்ட்டூன். ஒரு சர்க்கார் ஆபீஸ். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு குரங்கு, அதைத் துரத்தும் குமாஸ்தா பாபுஜி. பேச்சே கிடையாது. அந்த நேரத்தில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று சாமிக்கு வேண்டிக்கொண்டவள் நான். அதையே நான் பெரிய படமாக எடுக்கப் போகிறேன் என்றால் ஆறு வயது மாதங்கி நம்பியிருப்பாளா? நாற்பத்துநாலு வயது மாதங்கிக்கே இப்போது நம்பிக்கை இல்லை.

பழைய குட்டிப் படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் பெரிய படம் வந்துவிடும் என்று நினைத்தேன். இட்லியை உயரமாக அடுக்கினால் கல்யாணச் சாப்பாடு ஆகிவிடுமா? ஏழு நிமிஷத்தில் குரங்கு ஏன் திருடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. தொண்ணூறு நிமிஷம் என்றால் கேட்கிறார்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் கதை நிற்க வேண்டுமாம். நிற்காவிட்டால் பம்பாயிலிருந்து வேறு எழுத்தாளர் வருவார். இருபது வருஷமாக மற்றவர்கள் படத்துக்கு வரைந்துகொடுத்தவள் நான். இது ஒன்றுதான் என் படம்.

ஜனவரி 11, வியாழன்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடிக்கப் போனதே குரங்கு, அதுவும் முடியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துத் துரத்தல் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அஷ்வத் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான்.

"நன்னா இருக்கு" என்றான்.

"ஆனா?"

"ஆனாவெல்லாம் ஒண்ணும் இல்லை. அந்தத் தூங்கற ஆள் எங்க?"

"எந்தத் தூங்கற ஆள்?"

"காரிடார்ல ஸ்டூல் போட்டு ஒரு பியூன் தூங்குவாரே. பாபுஜி ஓடுவார்... ஒரு கதவு, ஒரு பூந்தொட்டி, பியூன். மறுபடி கதவு, பூந்தொட்டி, பியூன். நானும் அண்ணாவும் அவர் எப்போ வருவார்னுதான் பார்த்துண்டிருப்போம். குரங்கை யார் பார்த்தா?"

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் ராப்பகலாக உழைத்ததைப் பார்த்துவிட்டுப் பியூன் எங்கே என்கிறான். பிறகு பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நிஜம்.

அந்தக் காலத்தில் பின்னணியை ஒரு நீளத் தாளில் வரைவார்கள். அதன் நுனியை ஆரம்பத்தோடு ஒட்டி, காமிராவுக்குக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பாபுஜி எவ்வளவு தூரம் ஓடினாலும் ஓடுவது அதே ஆறடிக் காரிடார்தான். அதனால் அந்தப் பியூன் வந்துகொண்டே இருக்கிறார், தலையைச் சுவரில் சாய்த்து, வாயைப் பாதி திறந்துகொண்டு. பக்கத்தில் உலகமே இடிந்து விழுகிறது, மனிதர் அசையவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? காரிடாரை முழுக்கப் புதிதாக, அழகழகாக வரைந்துவிட்டோம். எந்தக் கதவும் இரண்டாம் தடவை வராது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பட்டாணிக் கிண்ணத்தோடு சேர்த்து அஷ்வத்தைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை இது. அவனிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும். டயரியைத் தமிழில் எழுதுவதே அதற்குத்தான். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவன் கான்வென்ட், எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் நான் டயரியைப் பிடுங்கிவிடலாம்.

ஜனவரி 17, புதன்

எல்லாப் பழைய படங்களையும் வரிசையாகப் பார்த்தோம். பியூன் இல்லாத படமே இல்லை. ஒன்றில்கூட அவர் கண் விழிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் கதை வந்துவிட்டது. ஃபைல் தவறிப்போய்த் தூங்குகிறவர் மடியில் விழுகிறது. அவர் கை அதன் மேல் படிந்துவிடுகிறது. எடுத்தே ஆக வேண்டும், எழுப்பவும் கூடாது. பரம எதிரிகளான பாபுஜியும் குரங்கும் இப்போது சேர்ந்துதான் திருட வேண்டும், அதுவும் மூச்சுச் சத்தம் கேட்காமல். பேச்சில்லாத படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எது? ஸ்டூடியோவில் வரைகிற பையன்களும் பெண்களும் நாற்காலிகளைச் சுற்றிக் கால் நுனியில் நடந்து நடித்துக் காட்டினார்கள். கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி என்னமோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

ஜனவரி 24, புதன்

அனந்தலக்ஷ்மி மாமியைப் பார்க்க லக்ஷ்மிபாய் நகர் போனேன். "ஃபைல் சோர்" மாமி வரைந்தது. லோதி ரோடு பக்கம் ஒரு சர்க்கார் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாலே பேர் கொண்ட படப் பிரிவு, அதற்கு மாமிதான் தலைவி. ரிடையர் ஆகி இப்போது மகளுக்கு அலாட் ஆன குவார்ட்டர்ஸில் மாமாவோடு இருக்கிறாள். பழம்பெருமை பேசுவாள் என்று யாராவது போனால் ஏமாந்துதான் வர வேண்டும். போனில் ரம்மி ஆடிக்கொண்டேதான் என்னிடம் பேசினாள்.

பியூன் என்ன அற்புதமான ஜோக் என்று நான் ஆரம்பித்தேன்.

"ஜோக்காவது மண்ணாவது. காரிடார் வெறிச்சுனு இருந்தது, ஒரு ஆளைப் போட்டேன். முழிச்சிண்டிருந்தா அவன் அசையணும். அசைஞ்சா நான் வரையணும். எனக்கெங்க நேரம்? தூங்க வெச்சுட்டேன்."

நாற்பது வருஷம் கழித்து நான் கண்டுபிடித்த மேதாவிலாசம் இவ்வளவுதான். மாமா, கல்யாணராமன், கம்பளிக் குல்லாவோடு வந்து உட்கார்ந்தார். ரிடையர்டு அண்டர் செக்ரட்டரி. "இப்போ இருக்கறவா எல்லாம் ஆபீஸ்ல தூங்கி வழியறா. என் சர்வீஸ்ல ஒரு நாள் நான் கண் அசந்தேன்னு யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்" என்றார். மாமி ரம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குப் போனதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாதங்கி, கிட்ட வா. அது இவர்தான்."

"எது?"

"தூங்கறவர். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான் உட்கார்ந்து வரைவேன். இவர் தன் ஆபீஸ் முடிஞ்சு பஸ் பிடிச்சு என்னைக் கூட்டிண்டு போக வருவார். உள்ள வர மாட்டார், தொந்தரவாம். வெளியில பியூன் ஸ்டூல்ல உட்கார்ந்து அப்படியே தூங்கிடுவார். தினம் கதவு வழியா அதையே பார்த்துண்டிருந்தா கை வேற என்னத்தை வரையும்? மீசை வெச்சு, காக்கிச் சட்டை போட்டேன். மூக்கை மட்டும் மாத்த மனசு வரலை."

சுவரில் மாமாவின் போட்டோ இருந்தது. அந்த மூக்கேதான்.

"அவருக்குத் தெரியாதா மாமி?"

"தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். பியூனா வரைஞ்சதைக்கூட மன்னிச்சுடுவார். தூங்கறதா வரைஞ்சேன் பாரு, ஊர் உலகமே பார்க்க. நீ தாராளமா எடு. ஆனா அவர்கிட்ட மூச்சு விடாதே."

சத்தியம் செய்துகொடுத்தேன். ஆட்டோவில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எல்லாம் ஓடுகிறது, முடிவு மட்டும் இல்லை. அவரைக் கடைசி வரை தூங்க வைத்தால், இவ்வளவு நேரம் எதற்காகப் பயந்தோம் என்று ஆகிவிடுகிறது. எழுப்பிக் கத்த வைத்தால் சப்பென்று போய்விடுகிறது. எழுந்து சிரிக்க வைத்தும் பார்த்தோம், அது அதைவிட மோசம்.

சுஷ்மாவிடம் மருந்து தயார். "ஹக் பண்ணட்டுமே. பாபுஜி, குரங்கு, பியூன், மூணு பேரும். பின்னாடி ஒரு பாட்டு. அவ்வளவுதான், ஃபேமிலி ஆடியன்ஸ் அழுதுடும்."

பிப்ரவரி 8, வியாழன்

அவள் தலைகீழாக நின்றாலும் கட்டிப்பிடிக்க விடமாட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

சுஷ்மா பம்பாய்க்காரரோடு பேசிவிட்டாளாம். மார்ச் ஒண்ணாம் தேதி வர்றாராம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை — இல்லை, கேட்டாள். மூணு வாரமா அதைத்தானே கேட்டுண்டிருந்தாள். "எண்டிங் வந்துதா, எண்டிங் வந்துதா"ன்னு. என்கிட்டதான் எண்டிங் இல்லை.

"நான் உனக்கு எதிரி இல்லை, மாதங்கி"ன்னு சொன்னா. தெரியும்டி. எதிரியா இருந்தா சண்டையாவது போட்டுத் தொலைச்சிருப்பேன்.

அந்த மனுஷனைத் தூங்க வெச்சிருக்கவே வேண்டாம். எதுக்கு எடுத்தேன் இதை? ஏழு நிமிஷத்துக்கு ஒழுங்கா ஓடிண்டிருந்த குரங்கு. அதைப் பிடிச்சு இழுத்து... யாரு கேட்டா?

அஷ்வத் ரசம் வைத்தான். உப்பு போட மறந்துவிட்டான். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 21, புதன்

படம் என் கையை விட்டுப் போகப் போகிறது என்று வேறு யார் வாயாலாவது மாமிக்குத் தெரியக் கூடாது. நானே சொல்லிவிடலாம் என்று போனேன். மாமி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "போனா போறான் போ. அந்தப் பாபுஜிக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல எப்பவுமே மூச்சு வாங்கும்" என்றாள். ஆனால் நான் கிளம்பும்போது ஒரு டப்பா நிறையத் தேங்காய் பர்பி வைத்துக்கொடுத்தாள். அது அழாதே என்று சொல்லும் அவள் வழி.

மாமா ஆட்டோ ஸ்டாண்டு வரை கூட வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"அந்தப் பியூனை என்ன பண்ணப் போறேள்? எழுப்பப் போறேளா?"

"எழுப்பினா படம் படுத்துடறது மாமா. எழுப்பாட்டாலும் படுத்துடறது."

"எப்படி எழுப்புவேள்? அவன் தூங்கினாத்தானே."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, நடந்துகொண்டே பேசினார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"டிவில முதல் நாள் பார்த்தப்பவே தெரியும். என் மூக்கு எனக்குத் தெரியாதா? அவ சொல்லலை, நானும் கேட்டுக்கலை."

"அப்போ நீங்க தூங்கவே..."

"முதல் ரெண்டு நாள் முழிச்சுண்டுதான் உட்கார்ந்தேன். நான் காத்துண்டிருக்கேன்னு தெரிஞ்சா அவளுக்குக் கை ஓடாது. பாதி படத்துல மூட்டையைக் கட்டிண்டு கிளம்பிடுவா. பஸ்ல வரும்போது விட்டுட்டு வந்ததையே நினைச்சுண்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருப்பா. மூணாம் நாள் கண்ணை மூடிண்டேன். 'சரி, பாவம் தூங்கறார், இன்னும் கொஞ்சம் போட்டுடலாம்'னு உட்கார்ந்துட்டா. அப்படியே பழக்கமாயிடுத்து."

"எத்தனை நாள் மாமா?"

"அவ அங்க இருந்த வரைக்கும். ஒண்ணு ரெண்டு நாள் நிஜமாவே தூங்கியும் இருப்பேன், மனுஷன்தானே." ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார். "ஆபீஸ்ல தூங்கினதில்லைன்னு நான் சொன்னா அவ உள்ளுக்குள்ள சிரிப்பா. சிரிக்கட்டுமே. நீ அவகிட்ட சொல்லிடாதே."

ஆட்டோவில் அழுதேன். பர்பி டப்பாவைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். படத்துக்காக அழவில்லை என்று மட்டும் தெரியும்.

பிப்ரவரி 22, வியாழன்

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். யாருக்காக நடிக்கிறான் என்று அந்தப் பழமொழி கேட்கவே இல்லை.

முடிவு காலையில் குளிக்கும்போதே வந்துவிட்டது. பாபுஜியும் குரங்கும் ஒருவழியாக ஃபைலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். காரிடார் காலி. தூங்குகிறவர் ஒரு கண்ணைத் திறக்கிறார். எழுந்து, அவர்கள் உடைத்ததையெல்லாம் சத்தமில்லாமல் எடுத்து வைக்கிறார். கவிழ்ந்த பூந்தொட்டியை நிமிர்த்துகிறார். நாளைக்கு அவர்கள் ஓடும்போது வழுக்காமல் இருக்கக் கொட்டிய மையைத் துடைக்கிறார். காலடிச் சத்தம் கேட்கிறது. ஓடிவந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஆனால் இது என் கதை இல்லையே. மாமாவிடம் சொல்லாதே என்று மாமி, மாமியிடம் சொல்லாதே என்று மாமா. இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கே திரை போட்டுக் காட்டலாமா?

"ஒருத்தர்கிட்டயாவது கேளு. கேட்காம எடுத்தா படம் நன்னா வந்தாலும் உனக்குத் தூக்கம் வராது" என்றான் அஷ்வத்.

மாமாவுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"படத்துல வர்றவன் பியூன்தானே?"

"ஆமாம் மாமா."

"நான் அண்டர் செக்ரட்டரி. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எடுத்துக்கோ." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்ட முன்னாடியே சொல்லாதே. படத்துலேயே பார்க்கட்டும். என் வாயால எனக்கு சொல்ல வராது, மாதங்கி."

பிப்ரவரி 26, திங்கள்

சுஷ்மா பார்த்தாள். போனைத் தொடவில்லை. முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "பாம்பேக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள். சமோசா வாங்கி வரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தாள். என் பங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டாள், போகட்டும்.

ஜூன் 13, வியாழன்

வெளியே அனல். ஏசியும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போகிறது, அதனால் ஏசியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வரைகிறோம். அழகான காரிடார் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. அதே கதவு, அதே பூந்தொட்டி, அதே மனிதர்.

2025 மார்ச் 5, புதன்

மாமி ஸ்டூடியோவுக்கு வந்தாள். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: "குரங்கு வாலை யார் போட்டது? கயிறு மாதிரி இருக்கு." பேனாவை வாங்கித் தானே வரைய ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் பலகையில் வரைவது முதல் தடவை, பத்து நிமிஷம் திட்டிக்கொண்டே வரைந்தாள், அப்புறம் திட்டுவதை மறந்துவிட்டாள்.

மாமா உள்ளே வரவில்லை. வாசல் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்கு மாமி கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நன்னாத் தூங்கறார். இன்னும் ரெண்டு போட்டுட்டுக் கிளம்பறேன்" என்றாள்.

நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வரும்போது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்குப் படத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவரவர் வீட்டாருக்கும் முதல் காட்சி. காற்று மோசம், எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். படம் ஓடுமா ஓடாதா என்ற பயம்கூட இல்லை எனக்கு. பயமெல்லாம் மாமி என்ன செய்வாள் என்றுதான். இத்தனை வருஷம் அவர் தூங்கினார் என்று நம்பித்தான் வரைந்தாள். ஏமாற்றிவிட்டாரே என்று தோன்றிவிட்டால்? நான் யார் அதைச் சொல்ல?

அஷ்வத் என் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான். முந்தானையில் லேசாகத் தீய்த்துவிட்டு, மடித்து உள்ளே மறைத்திருக்கிறான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

மாமியும் மாமாவும் மூன்றாம் வரிசை. நான் வேண்டுமென்றே அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். மாமி நன்றாகச் சிரித்தாள். பியூன் வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்துக்கொண்டாள், கண்டுபிடித்துவிடுவாரோ என்று. மாமா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. காரிடார் காலி. தூங்குகிறவர் ஒரு கண்ணைத் திறந்ததும் அரங்கமே வெடித்துச் சிரித்தது. மாமியும் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து பூந்தொட்டியை நிமிர்த்தும்போது அவள் சிரிப்பு நின்றுபோனது. மை துடைக்கும் வரைக்கும் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மாமி மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

மாமா தலையை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பாதி திறந்துகொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாளா, எழுந்து போய்விடுவாளா? அவள் அவர் குல்லாவைச் சற்று ஒதுக்கி, காதருகே குனிந்து, ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும், அதற்கு மேல் நேரமில்லை. மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. குலுங்கிக் குலுங்கி, கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தார். மாமி அந்தத் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

திரையில் பெயர்கள் ஓடி முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுத்து, இயக்கம் என்று என் பெயர் பெரிதாக வந்ததாம், அஷ்வத் கை தட்டினானாம். நான் பார்க்கவில்லை.